வாசுகி கீறின விளக்கு

கார்த்திகை 4, திங்கள்

விடியத் தொடங்கின மழை. குடை பிடிச்சும் சீலை முழங்கால் மட்டும் நனைஞ்சுபோச்சு. அச்சகத்தில புதுக் கொம்பியூட்டர். கறுப்பு, மெல்லிசு, சத்தமே இல்லை. முதலாளி அதுக்குச் சந்தனப் பொட்டு வைச்சுக் கற்பூரமும் காட்டிப்போட்டார். இருபத்தாறு வருஷமாய் இஞ்சை கிடக்கிறன், எனக்கொரு பொட்டு வைக்க ஆளில்லை.

பழசு மாத முடிவில போகுதாம். பழைய சாமான் எடுக்கிறவனுக்குச் சொல்லியாச்சாம். அதுக்குள்ளை கிடக்கிற படமெல்லாத்தையும் புதுசுக்கு மாத்திப்போடு, யோகம் எண்டு என்னட்டைச் சொன்னார். அரிசியை ஒரு வாளியில இருந்து மற்ற வாளிக்குக் கொட்டுற மாதிரிச் சொல்லுறார்.

எண்ணினது:
பிள்ளையார் 11
பூரணகும்பம் 6
வாழை, தோரணம் 9
தாமரை 14
சாமத்தியவீட்டுக்குப் பெரியபிள்ளையான பெட்டையள் 5 (ஒண்டுக்கு மூக்குக் கோணல்)
குத்துவிளக்கு 8
கல்வெட்டுக்குரியது (முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம்): ஒற்றைச்சுடர், கூப்பின கை, கறுப்புக் கரை
மிச்சம் பூ, கொடி, சில்லறை. எல்லாமாய் முந்நூற்றுச் சொச்சம்.

முழுக்க வாசுகி கீறினது. என்ரை தங்கச்சி, பக்கத்துக் கதிரையில இருந்து மவுஸால. கை உளையுது அக்கா எண்டுகொண்டே கீறுவாள். சிறுநீரகம் பழுதாகி, மகள் துஷாவை என்ரை கையில தந்திட்டு அவள் போய் இருபத்தொரு வருஷம். கதிரையும் மாத்தியாச்சு. படம் அப்பிடியே கிடக்குது.

வாங்க: வெந்தயம், துஷாவுக்கு இருமல் மருந்து.

கார்த்திகை 6, புதன்

மழை விட்டிருக்கு, வெயில் இல்லை. உடுப்பு ஒண்டும் காயேல்லை.

புதுசு ஒரு படத்தையும் திறக்கமாட்டன் எண்டுது. இந்த வகை ஃபைல் தனக்குத் தெரியாதாம். பழசில ஒவ்வொண்டாய்த் திறந்து, வேறை வகையாய்ச் சேமிச்சு, ஃபுளொப்பியில ஏத்திக் கொண்டுவந்தால் மட்டும் திறக்குது. புதுசுக்கு ஃபுளொப்பி வாயே இல்லை. வாசிக்கிற பெட்டி ஒண்டு யாழ்ப்பாணத்தில இருந்து எடுப்பிச்சது. ஃபுளொப்பி பத்து மிச்சம், மூண்டில பூஞ்சணம்.

இண்டைக்கு நாப்பது படம். திறக்குதோ எண்டு மட்டும் பாத்திட்டு அடுத்ததுக்குப் போறன். ஒவ்வொண்டையும் வடிவாய்ப் பாக்க வெளிக்கிட்டால் வாசுகியோடைதான் இருக்கவேண்டிவரும், வேலை ஓடாது.

இடம்பெயரேக்கை முதலாளி தன்ரை அலுமாரியை விட்டிட்டு இந்தப் பழைய பெட்டியைத்தான் ட்ரக்டரில ஏத்தினவர். அவருக்கு அது ஞாபகம் இல்லையாம்.

கார்த்திகை 9, சனி

துஷாவின்ரை கலியாண அழைப்புக் காட் பற்றிக் கதைக்க மாப்பிள்ளை கஜனின்ரை தாய் புத்தூரில இருந்து வந்தா. கஜன் நல்ல பிள்ளை. தாயும் கெட்டவ இல்லை, ஆனா எல்லாத்துக்கும் சாத்திரம். தை கடைசியில கலியாணம். திருவெம்பா தொடங்கமுந்திக் காட் குடுத்து முடிக்கவேணுமாம்.

பிறகு மெதுவாய்ச் சொன்னா, மங்கள காரியத்தில "அமரர்" எண்ட சொல் முன்னுக்கு வேண்டாமாம். வாசுகியின்ரை பேரை உள்ளுக்கை ஒரு வரியில, சின்ன எழுத்தில போடலாமாம். துஷாவின்ரை தகப்பன்காரன் வவுனியாவில வேறை கலியாணம் முடிச்சு இருக்கிறார், அவரின்ரை பேர் பெரிசாய் வரலாமாம். ஏனெண்டால் அவர் உயிரோடை இருக்கிறார்.

நான் ஓம் எண்டிட்டன். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். அவ போனாப்பிறகு கிணத்தடியில நிண்டு அழுதன்.

துஷா ஃபோனில ஒரு நீல மயில் காட் பாத்து வைச்சிருந்தவள். அது வேண்டாம், அம்மா கீறின குத்துவிளக்கைப் போடுவம் எண்டு கேட்டன். இந்தக் கலியாணத்தில வாசுகியின்ரை கை பட்டதாய் ஒண்டாவது இருக்கவேணும். ஆறு வயசில இருந்து வளர்த்த எனக்கு அந்தளவு கேட்க உரித்தில்லையோ? அவள் ஃபோனில அந்த மயிலை இன்னொருக்கால் பாத்தாள். பிறகு, உங்கடை விருப்பம் பெரியம்மா எண்டாள். விருப்பமோ விருப்பமில்லையோ தெரியேல்லை. தாயைப்போல, முகத்தில ஒண்டும் காட்டாள்.

கார்த்திகை 12, செவ்வாய்

காட் அடிக்கமுந்திச் சரிபார்க்கிற புறூவ் எடுத்தது. முன்பக்கம் விளக்கு, பொன்நிறத்தில. அஞ்சு சுடர் வைச்ச பெரிய குத்துவிளக்கு, அவள் கீறினதுக்குள்ளை எனக்கு ஆகப் பிடிச்சது. மாத்தின படங்களுக்கை முதல் வேலைக்கு எடுத்தது அதைத்தான்.

எங்கடை ஆக்கள் காட் பாக்கிற விதம் தெரியும்தானே. ஆற்றை பேர் விட்டது, ஆற்றை பேர் முன்னுக்கு, எந்த முதலெழுத்து, எந்தப் பட்டம். கஜனின்ரை தாய் கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாய்ப் பாத்தா. கஜனின்ரை சித்தப்பாவின்ரை "ஓய்வுபெற்ற" விடுபட்டுப்போச்சு, சேர்த்தது. முகூர்த்த நேரம் மூண்டுதரம் பாத்தது. முதலாளியும் பாத்தார். நான் நாலுதரம் பாத்தன்.

துஷா கடைசியாய்ப் பாத்தாள். முன்பக்கத்தைக் கனநேரம் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். வடிவாயிருக்குது பெரியம்மா எண்டாள். என்ரை கையை ஒருக்கால் பிடிச்சிட்டு விட்டாள். பிடிக்கிற ஆளில்லை அவள். இண்டைக்கு எனக்கு அது போதும்.

கார்த்திகை 15, வெள்ளி

முந்நூறு காட் அடிச்சு முடிஞ்சுது. நாலு மூலைக்கும் மஞ்சள் பூசினது நானும் துஷாவும். விரல் இன்னும் மஞ்சள். முதல் காட் பிள்ளையாரடியில, ரண்டாவது கஜன் வீட்டுக்கு. தாய் ஃபோன் எடுத்து நல்ல வடிவு எண்டு சொன்னா.

மழை. கூரை சமையலறை மூலையில ஒழுகுது. சட்டி வைச்சிருக்குது.

கார்த்திகை 19, செவ்வாய்

பின்னேரத்தில காட் குடுக்கிறம். மட்டுவில், மீசாலை முடிஞ்சுது. அரியாலை ஒருநாள். சேறு. துஷா ஸ்கூட்டி ஓட, நான் பின்னுக்கு உறையைப் பொலித்தீனுக்கை வைச்சுக்கொண்டு.

போற வீடெல்லாம் ஒரே கதை: தாயில்லாப் பிள்ளையை நீ கரை சேர்த்திட்டாய் யோகம், உனக்குப் புண்ணியம். துஷாவுக்கு முன்னாலேயே சொல்லுகினம். அவள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள்.

பகல் மாத்தினது 55 படம். பழசு இப்ப கறகற எண்டு சத்தம் போடுது. திரை ஒருபக்கம் பச்சை.

கார்த்திகை 22, வெள்ளி

நித்திரை வரேல்லை. எழுதுறன்.

அரியாலையில இருந்து ஒரு பெடியன், தகப்பனின்ரை முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு வந்தவன். தேவாரம், வாழ்க்கை வரலாறு, பேரப்பிள்ளையள் படம், எல்லாம் கொண்டந்திருந்தான். முன்னட்டைக்கு ஒரு விளக்குப் போடுங்கோ அக்கா எண்டான். ஒற்றைச்சுடர் எடுத்துப் போட்டன். பிறிண்ட் எடுத்தன். மேசையில துஷாவின்ரை காட் கிடந்தது. பக்கத்தில வைச்சிட்டன்.

ரண்டும் ஒண்டு.

ஒரே தண்டு, ஒரே தட்டு, ஒரே ஒரு சுடர். ஒண்டு பொன்நிறம், ஒண்டு கறுப்பு. வேறை வித்தியாசம் இல்லை.

ஓடிப்போய்ப் பழசில திறந்தன். அதில அஞ்சு சுடரும் எரியுது. புதுசில நடுச்சுடர் மட்டும். இப்பதான் விளங்குது. வாசுகி முதல் கல்வெட்டுக்குத்தான் விளக்குக் கீறினவள், மாறாத ஒரே நிறத்தில, ஒரு சுடரோடை. பிறகு அதையே எடுத்து, மஞ்சளில இருந்து சிவப்புக்கு மாறுற நிறத்தில நாலு சுடர் வைச்சுக் கலியாணத்துக்கு ஆக்கினவள். வகை மாத்தேக்கை அந்த மாறுற நிறம் வரேல்லை. நாலும் விழுந்துபோச்சு. மிஞ்சினது செத்தவீட்டு விளக்கு.

பிரேதத்தின்ரை தலைமாட்டில வைக்கிற ஒற்றைத்திரி விளக்கை மஞ்சள் பூசி நூற்றியெழுபத்திரண்டு வீட்டுக்கு நான் குடுத்திருக்கிறன்.

நாலுதரம் பாத்தன். எழுத்தைத்தான் பாத்தன். படம் எனக்குப் பாடம், பாக்கத் தேவையில்லை எண்டு நினைச்சிட்டன். விசரி.

பெடியன் நல்லாயிருக்கு அக்கா எண்டு சொல்லிப்போட்டுப் போனான்.

கார்த்திகை 23, சனி

சாப்பாடு இறங்கேல்லை. முதலாளிக்கு மட்டும் சொன்னன். அவர் காட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒருத்தரும் காணேல்லை, இனியும் காணாயினம், வாயை மூடிக்கொண்டிரு எண்டார். அவர் சொல்லுறதிலயும் நியாயம் இருக்குது. இவ்வளவு பேர் பாத்தவை, ஒருத்தர் கதைக்கேல்லை.

ஆனா கஜனின்ரை தகப்பன் நெஞ்சுவருத்தக்காரன். போன மாசமும் ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தவர். நாளைக்கு அந்த மனுசனுக்கு ஏதும் நடந்தால்? எனக்குச் சாத்திரத்தில பெரிய நம்பிக்கை இல்லை. ஆனா நடந்தால் ஆரோ அந்தக் காட்டை எடுத்துப் பாப்பினம். பிறகு துஷா அந்த வீட்டில எப்பிடி இருக்கிறது? காலம் முழுக்க அவளின்ரை தலையிலதான் வரும்.

சொல்லவேணும். சொன்னால் கலியாணம் நிக்கும். சொல்லாட்டில் நான் ஒவ்வொரு ஃபோன் சத்தத்துக்கும் செத்துச் செத்து எழும்பவேணும்.

துஷாவுக்குச் சொல்லேல்லை. சீலைக்கு மேற்சட்டை தைக்கக் குடுக்கப் போனவள், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

கார்த்திகை 24, ஞாயிறு

புத்தூருக்குப் போனன், தனிய. பஸ்ஸுக்கை யன்னல் பூட்டேலாமல் வலப்பக்கம் முழுக்க நனைஞ்சிட்டுது. வெங்காயத் தோட்டமெல்லாம் வெள்ளம்.

கஜனின்ரை தகப்பன் சாய்மனைக் கதிரையில, போர்வையோடை. வாங்கோ தங்கச்சி எண்டு எழும்பப் பாத்தார். அந்த மனுசனுக்கு முன்னால சொல்லேலாது. தாயைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னன். கொம்பியூட்டர், வகை மாத்தினது, நாலு சுடர் விழுந்தது, எல்லாம். அவவுக்கு அது ஒண்டும் விளங்கேல்லை, விளங்கவேண்டிய ஒண்டு மட்டும் விளங்கிச்சுது.

சுவாமியறைக்குப் போய்க் காட்டை எடுத்துவந்தா. பாத்தா. மேசையில கவிட்டு வைச்சா.

"நாங்கள் இதை வைச்சு ரண்டுநேரமும் கும்பிடுறம்" எண்டா.

ஏசியிருந்தால் நல்லம். தேத்தண்ணி தந்தா, குடிச்சிட்டு வந்திட்டன்.

கார்த்திகை 26, செவ்வாய்

விடிய ஃபோன். கஜனின்ரை தாய். கலியாணம் நிக்காதாம். கஜன் ஒரே பிடியாய் நிக்கிறானாம். ஆனா:
1. குடுத்த காட் எல்லாம் திருப்பி வாங்கவேணும். ஒண்டும் மிஞ்சக்கூடாது.
2. சுவாமி பேர் இருக்கிறதால எரிக்கக்கூடாது, கடலில விடவேணும்.
3. புதுக் காட் தாங்கள் யாழ்ப்பாணத்தில அடிப்பினம். எங்கடை கை படக்கூடாது.

மூண்டாவது சொல்லேக்கை குரல் கொஞ்சம் இறங்கிச்சுது. உங்களைக் குறை சொல்லேல்லை எண்டா. குறை சொல்லாமல் இதை எப்பிடிச் சொல்லுறதோ?

துஷாவுக்குச் சொன்னன். இடியப்பம் தின்றுகொண்டிருந்தவள். விரல் அப்பிடியே நிண்டுது. நீங்களே போய்ச் சொன்னனீங்களோ எண்டு கேட்டாள். ஓம் எண்டன். சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். அதுக்குப் பிறகு கதையில்லை. கந்தோர் வேலைக்குப் போகேக்கை "வாறன்" எண்டும் சொல்லேல்லை.

கார்த்திகை 28, வியாழன்

காட் திருப்பி வாங்கப் போறன், கால்நடையாய். துஷா ஸ்கூட்டியில வரேல்லை, நானும் கேட்கேல்லை. முகூர்த்த நேரம் பிழையாய் அடிபட்டுப்போச்சு எண்டு சொல்லுறன்.

கேட்டது:
"நேரமோ மாப்பிள்ளையோ மாறினது?"
"அந்தப் பெட்டையில ஏதோ குறை கிடக்குது, இவ மறைக்கிறா."
"குடுத்த காட்டை ஆரும் திருப்பிக் கேட்பினமோ? நான் கேள்விப்படேல்லை அம்மா."
"நல்லகாலம், சமுர்த்தி நிவாரணக் கடிதத்துக்குக் கீழை இருந்தது, மோனுக்குக் கப்பல் செய்யக் குடுக்கப் பாத்தனான்."

போன கிழமை புண்ணியம் எண்ட ஆக்கள்தான். ஒரு வீட்டில என்னை உள்ளுக்குக் கூப்பிடேல்லை, படலையடியில வைச்சே தந்தினம். உறை ஈரம். மஞ்சள் விரலில ஒட்டுது.

இதுவரை வந்தது 91.

அச்சகத்தில பழசு எழும்பேல்லை. அந்த நாலு சுடரை மட்டுமாவது எப்பிடியும் எடுப்பம் எண்டு விடியப் போட்டன். ஒருக்கால் உறுமிச்சுது, திரை கறுப்பு. மூடியைத் திறந்து தூசு ஊதினன். வயரைக் கழட்டி மாட்டினன். கும்பிட்டும் பாத்தன். இல்லை.

மாத்திமுடிச்சது முந்நூறு. எல்லாம் புதுசில நல்லாய்க் கிடக்குது. கலியாண விளக்குப் போச்சு, கல்வெட்டு விளக்கு மிஞ்சிப்போச்சு. புதுசில நானே நாலு சுடர் கீறிப் பாத்தன். மிளகாய் மாதிரி வருது.

மார்கழி 1, ஞாயிறு

மழை, விடாமல். பழைய சாமான்காரன் நேற்றே பெட்டியை ஆட்டோவில ஏத்திக்கொண்டு போனானாம். முதலாளி சொல்லி அனுப்பினார். நான் நிக்காதது நல்லதுக்குத்தான்.

கஜனின்ரை தாய் புதுக் காட்டை ஃபோனில அனுப்பினா. பிள்ளையார், பிளாஸ்டிக் மாதிரிப் பளபளக்கிறார். பேரெல்லாம் சரி. "ஓய்வுபெற்ற" இருக்குது. உள்ளுக்கை தேடினன், சின்ன எழுத்திலயும் வாசுகியின்ரை பேர் இல்லை. விட்டுப்போச்சோ, விட்டதோ. கேட்க எனக்கு வாயில்லை. நான்தானே அந்த வாயைப் போக்கடிச்சது.

துஷாவுக்குக் காட்டினன். பாத்தாள். ஃபோனைத் திருப்பித் தந்தாள்.

மார்கழி 3, செவ்வாய்

காட் எண்ணினது. குடுத்தது 172. வந்தது 171. பட்டியலை வைச்சுத் திரும்பவும் எண்ணினன். பிள்ளையாரடிக் காட்டை ஐயர் எடுத்துத் தந்தவர். புத்தூர்க் காட் வந்திட்டுது. குடுக்காமல் கட்டிலுக்குக் கீழை கிடந்த பெட்டியையும் எண்ணினன், அதில 128. அது சரி. மீசாலை மாமி மட்டும் தனக்குக் காட் வரேல்லை எண்டவ, பட்டியலில குடுத்ததாய்க் கிடக்குது. ஒண்டு எங்கையோ.

பின்னேரம் எல்லாத்தையும் கச்சாய்க் கடலுக்குக் கொண்டுபோய் விட்டன். தண்ணி கலங்கல். காட் உடனை தாழேல்லை, கன நேரம் முகம் மேல மிதந்துது, ஒற்றைச்சுடர் ஒற்றைச்சுடராய். மூலையால மஞ்சள் கழண்டு போச்சுது.

வீட்டை வந்து சீலை மாத்தாமல் துஷாவைக் கேட்டன், ஒண்டு குறையுது, நீ ஆருக்கும் தனியக் குடுத்தனியோ எண்டு. ஒரு கிழமைக்குப் பிறகு முதல் கதை.

அலுமாரியைத் திறந்தாள். சேட்டிபிக்கட் ஃபைலை எடுத்தாள். அதுக்குள்ளை வாசுகியின்ரை கல்வெட்டு. நான் தட்டச்சுச் செய்தது, அட்டையில அவளே கீறின ஒற்றைச்சுடர். இவள் இதை இவ்வளவு காலமும் வைச்சிருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாது. அதுக்குள்ளை காட்.

"மீசாலை மாமி வீட்டில இல்லை எண்டு திருப்பிக் கொண்டந்தது" எண்டாள். "பட்டியலில குடுத்ததாய்ப் போட்டனான்."

நான் காட்டுக்குக் கை நீட்டினன்.

"புறூவிலயே கண்டனான் பெரியம்மா. இந்த விளக்கை எனக்குத் தெரியாதோ? நீங்கள் வேணுமெண்டுதான் போட்டனீங்கள் எண்டு நினைச்சன். பேர் போட விடாயினம் எண்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறியள் எண்டு."

அண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சது அதுக்குத்தான்.

அவள் அழேல்லை. நான்தான். எனக்கு அது தெரியாமல் நடந்தது பிள்ளை, பிழைச்சுப்போய் நடந்தது எண்டு சொல்ல வாயெடுத்தன், வரேல்லை. அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். நானே புத்தூருக்குப் போய்ச் சொன்னன் எண்டு கேட்ட அண்டைக்கே விளங்கிப்போச்சு.

ஃபோன் அடிச்சுது. கஜனின்ரை தாய். கடலில விட்டாச்சோ, ஒண்டும் மிஞ்சேல்லையே எண்டு கேட்டா. துஷா காட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள்.

விட்டாச்சு அம்மா, ஒண்டும் மிஞ்சேல்லை எண்டன்.